சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்

சர்க்கரை வாசனை பிடித்து ஸ்கூட்டரில் ஏறிய கட்டெறும்பு, வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் கதிகலங்கிப்போனது. காற்று பிய்த்துத் தள்ள, பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அங்கே ஒரு சின்னச் சிலந்தி, கிழிந்த வலையைப் பற்றியபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்தது. இரண்டும் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டன.

சிக்னலில் வண்டி நின்றது.

“தப்பிச்சோம்! வா அக்கா, இறங்கி ஓடிடலாம்!” என்றது எறும்பு.

சிலந்தியோ வெளியே வந்து புது இழை இழுக்கத் தொடங்கியது.

“கிளம்பினா மறுபடி அறுந்துடுமே! உனக்குப் பயமே இல்லையா?”

“தினமும் உயிர் போய் உயிர் வருது. ஆனா இப்போ வண்டி நிக்குதே!”

ஈர இழையில் வெயில் பட்டு ஏழு நிறமும் ஓடியது. எறும்பு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. இறங்க வேண்டும் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.