ஒரே சுவரில் இரண்டு பேய்கள்

மாண்டவர்கள் சுவர்ப்படத்திலிருந்து வாய்திறந்து பேசும் காலம் வந்துவிட்டது. சாதி மட்டும் மாளவில்லை! எழில்மதியின் கூடத்தில், அவளைப் பெற்று மாண்டுபோனவள் படத்திலிருந்து அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவை மறுமணம் செய்துகொண்டு வந்த சிற்றன்னை, தன் மகன் நன்மாறனோடு, இறந்த முதல் கணவரின் படத்தையும் கொண்டுவந்தாள்.

“வேற சாதிப் பேயை நம்ம பேய் பக்கத்துல மாட்டுறதா? தீட்டு!” என்று அலறிய அத்தை, அப்பாவின் அக்கா, அப்படத்தைக் கழிவறைச் சுவருக்கு நாடு கடத்தினாள்.

நன்மாறன் அங்கேயே நின்று, தன் அப்பாவோடு பேசி அழுதான். எழில்மதிக்குப் பொறுக்கவில்லை. படத்தைக் கொண்டுவந்து அம்மாவின் அருகிலேயே மாட்டினாள்.

“புள்ளைங்க சாப்பிட்டாங்களா?” என்று இரு பேய்களும் ஒரே குரலில் கேட்டன. அத்தை தலைவிரித்து ஆடினாள்.

“ஐயோ பாவம், அண்ணிக்கு ஏதோ பிடிச்சிருக்கு,” என்றாள் அம்மா. “எழிலு, தம்பியக் கூட்டிட்டுப் போய் வேப்பிலை ஒடிச்சிட்டு வா!”