கலியாண வீட்டுப் பலகை

அண்ணனின் இடது கண்ணை எரித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசற்படலை திறக்கும் சத்தம் கேட்டது. செந்தூரன் நிமிர்ந்து பார்த்தான்.

முல்லைத்தீவுக்குச் சாமான் வாங்கப் போன அம்மா பின்னேர பஸ்ஸில்தான் வருவார் என்று நினைத்திருந்தான். தச்சுக்கொட்டிலின் தகரக் கதவை அவசரமாகச் சாத்தினான். கருகிய மர வாசத்தைச் சாத்த முடியவில்லை.

மேசையில் லேசர் மெசின் இரைந்துகொண்டிருந்தது. செம்மஞ்சள் மூடிக்குள்ளே நீலப் புள்ளியொன்று இடமும் வலமும் ஓடி, மலைவேம்புப் பலகையில் அண்ணன் ஜெயந்தனின் முகத்தைக் கோடு கோடாகச் சுட்டுக்கொண்டிருந்தது. நெற்றி முடிந்து, புருவம் முடிந்து, இப்போது கண்.

இடையில் மூடியைத் திறந்தால் மெசின் நின்றுவிடும். மறுபடி தொடங்கும்போது ஒரு மயிரிழை விலகினாலும் முகம் கோணிப்போகும். வேறு பலகை இழைக்க நேரமில்லை. விடிந்தால் மே பதினெட்டு, நினைவு நாள்.

ஒவ்வொரு வருடமும் அம்மாவிடம் வேலைக்கென்று சொல்லிவிட்டு முள்ளிவாய்க்காலுக்குப் போவான். மற்றச் சனம் தங்கள் பிள்ளைகளின் படங்களை அணைத்துக்கொண்டு நிற்க, அவன் மட்டும் வெறுங்கையோடு நின்று விளக்கேற்றிவிட்டு வருவான். இந்த முறையாவது அண்ணனின் முகத்தைக் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் அம்மாவுக்கு அண்ணன் செத்தவன் இல்லை. போரின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் போன ஜெயந்தன் பதுங்குகுழிக்குத் திரும்பவில்லை. அண்ணன் இல்லாமல் வரமாட்டேன் என்று சனம் வெளியேறிய வட்டுவாகல் பாலத்தடி மணலில் குந்திய பத்து வயதுச் செந்தூரனை, அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தார். “நீ நட. அண்ணன் பின்னால வாறான்.”

அதன் பிறகு அந்தச் சொல்லை அம்மா மாற்றவேயில்லை. பக்கத்து வீட்டு வடிவம்மா, காணாமல்போன மகனின் படத்தோடு றோட்டோரப் போராட்டக் கொட்டகையில் வருடக்கணக்காக இருக்கிறார். கூட வரச்சொல்லி அவர் கேட்கும்போதெல்லாம், “அவன் தானா வருவான், நான் என்னத்துக்குத் தேட வேணும்?” என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விடுவார். அந்த நம்பிக்கையில்தான் அம்மாவின் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று செந்தூரன் நம்பினான்.

“தம்பி, என்ன கருகுது?” அம்மாவின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

“ஒண்டுமில்லையம்மா. மெசின் ஓடுது. உள்ளுக்கு வராதேங்கோ, ஒரே புகை.”

“அடுப்படியில நான் திண்ட புகையைவிடவே? சரி, இரு. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போனது. செந்தூரன் மூடிக்கு மேலே குனிந்து நின்றான். மூக்கு வந்தது. மேலுதடு வந்தது. ‘ஓடு, ஓடு’ என்று மனதுக்குள் மெசினை விரட்டினான்.

முகம் முடிந்து எழுத்துத் தொடங்கும்போது, அம்மா கதவைக் காலால் தள்ளிக்கொண்டு தேத்தண்ணியோடு வந்துவிட்டார். அவன் மெசினை முதுகால் மறைத்தான்.

“அப்பிடி என்ன அவசர வேலை?”

“கலியாண வீட்டுப் பலகை. நெடுங்கேணிக்கு.”

“ஊர் முழுக்கக் கலியாணப் பலகை சுடுறாய். உன்ரை பேரை எப்ப சுடப்போறாய்?”

“பொம்பிளை கிடைக்கட்டுமம்மா.”

“கிடைச்ச பொம்பிளைக்கு மூக்கு நீளமெண்டு சொன்னவன்தானே நீ. மாப்பிளையின்ரை முகமும் வருமோ இதில?”

“ஓம்.”

“தள்ளு, பாப்பம்.”

“கண்ணாடி போடாமல் பாக்கக்கூடாது. கண் போயிடும்.”

“அப்ப உன்ரை கண்ணாடி எங்க?”

அவன் முகத்தைத் தடவிப் பார்த்தான். பதற்றத்தில் கழற்றிய பாதுகாப்புக் கண்ணாடி மேசை ஓரத்தில் கிடந்தது. அவன் எட்டுவதற்குள் அம்மா அதை எடுத்துத் தன் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். “இனிப் போகாதுதானே?”

வேறொரு நாளென்றால் அந்தக் கோலத்துக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போது மெசினோடு இன்னும் ஒட்டி நின்றான். முதுகுக்குப் பின்னால் மெசின் கீச்சிட்டு ஓய்ந்தது. வேலை முடிந்துவிட்டது.

அம்மா அவனுடைய தோளை விலக்கிவிட்டு மூடியைத் திறந்தார்.

புகை கலைந்தது. ஜெயந்தன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, ‘அமரர்’ என்ற சொல்லோடு அவனுடைய பெயர். அதற்கும் கீழே, மறைவு 18.05.2009. செத்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் சனம் அந்தத் திகதியைத்தான் போடும். அவனும் அதைத்தான் போட்டிருந்தான்.

செந்தூரன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, மனம் கேளாமல்தான் செய்தனான். நீங்கள் சொன்னால் இப்பவே உடைச்சு அடுப்பில வைக்கிறன். அண்ணா வருவானம்மா. நீங்கள் சொல்லுறமாதிரி வருவான்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் பலகையிலிருந்த கரியை மெல்லத் துடைத்தார். புருவத்தைத் தொட்டார், மூக்கைத் தொட்டார். விரல் எழுத்துகளின் மேலாக இறங்கி, கடைசி வரியில் வந்து நின்றது.

“இது பிழை தம்பி. நான் அவனை மண்ணுக்குள்ள தாட்டது பதினஞ்சாந் திகதி.”