பேசாமலிருக்கும் உரிமை

ஜாமீனில் வந்த நாளிலிருந்து பச்சமுத்து தினமும் காலை பத்து மணிக்குச் சிதம்பரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார். அன்று நோட்டை நீட்டியவள் புதிதாக வந்த காவலர் இசைவாணி.

"ஏட்டய்யா இல்லியாம்மா?"

"கடலூருக்கு மாத்திட்டாங்க. ஒங்களுக்கு என்னா கேஸு?"

"பக்கத்து வூட்டுக்காரன அடிச்சிட்டேன்னு கேஸு. வேலித் தகராறு." கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "நேத்து ரசம் வெச்சேம்மா. உப்பு ஜாஸ்தியாயிடுச்சு..."

"ஸ்டேஷன்ல பேசாம இருக்கறது ஒங்க உரிமைன்னு வக்கீல் சொல்லலியா? கெளம்புங்க."

"சொன்னாங்கம்மா. அந்த உரிமையத்தான் வூட்ல நாள் பூரா அனுபவிக்கிறேனே."

அவர் மெல்லப் படியிறங்கிப் போனார்.

வேறு வேலையாக உள்ளே வந்த வக்கீல் ஜெயராணி திரும்பிப் பார்த்தார். "அவரு என் கட்சிக்காரராச்சே. எதுக்கு வந்தாரு?"

"கண்டிஷன் கையெழுத்துப் போட, மேடம்."

"கேஸ்ல விடுதலையாயி ஏழு மாசம் ஆவுதேம்மா!"

இசைவாணி நோட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் பச்சமுத்துவின் கையெழுத்து மட்டுமே இருந்தது. முதல் பக்கத்தில் பழைய ஏட்டு எழுதியிருந்தார்:

'அடுத்து வருபவருக்கு: இது ஸ்டேஷன் நோட்டு அல்ல, நான் வாங்கி வைத்தது. சாப்பிட்டாரா என்று மட்டும் தினமும் கேட்கவும்.'