கொரின் வந்திருக்கிறாள்

"கொரின் ஹால்வர்சன்."

பதில் இல்லை.

ஸ்ட்ராப் மேடம் தலையை நிமிர்த்தி, ஜன்னலோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, யாரோ 'இருக்கேன் மேடம்' என்று சொன்ன மாதிரி லேசாகத் தலையாட்டிவிட்டு அட்டெண்டன்ஸில் டிக் போட்டார்.

டாம்சின் சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை.

ஜனவரிப் பனியில்தான் அவள் மினசோட்டாவுக்கு வந்து, இந்த வரலாற்று முதுகலை வகுப்பில் பாதியில் சேர்ந்திருந்தாள். முதல் நாளே மேடம் விதிகளை வாசித்தார். மணி இரண்டு அடித்ததும் கதவு சாத்தப்படும். அப்புறம் வந்தால் ஆப்சென்ட், காரணம் கேட்கப்படாது. போன் வெளியே வரக் கூடாது. எல்லாம் எல்லா இடத்திலும் இருப்பதுதான். கடைசி விதிதான் புரியவில்லை.

"ஜன்னலோரத்து நாற்காலில யாரும் உட்காரக் கூடாது."

"ஏன் மேடம்?"

"அது கொரினோட இடம்."

வகுப்பு முடிந்ததும் பக்கத்து இருக்கை ஆஸ்கரைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு அந்தக் கொரின்? செத்துப் போயிட்டாளா?"

"மெதுவாப் பேசு. அதெல்லாம் இங்க யாரும் கேக்கறதில்ல."

"பேயா?"

"பேயா இருந்தா என்ன? உன்னைவிட நல்லாக் கட்டுரை எழுதறா." சொல்லிவிட்டு அவன் சிரிக்கவே இல்லை.

அது நிஜமாகவும் இருந்தது. திருத்திய கட்டுரைகளைக் கொடுத்தபோது மேடம் ஒன்றை அந்தக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தார். டாம்சின் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பென்சிலில் கோணல்மாணலான எழுத்து. போன வாரம் இதே வகுப்பில் தான் சொன்ன ஒரு கருத்து அதில் அப்படியே இருந்தது. கீழே, 'டாம்சின் சொல்வது தவறு' என்று எழுதி, ஏன் தவறு என்று ஒரு பக்கத்துக்கு வாதம்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் பேருந்து பனியில் மாட்டிக்கொண்டது. இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கதவு சாத்தியிருந்தது. கதவின் கண்ணாடி வழியே பார்த்தால், மேடம் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவரை வழிமறித்தாள்.

"மேடம், பஸ் நின்னுபோச்சு. நடந்தே வந்தேன்."

"விதி விதிதான்."

"இன்னொரு ஆப்சென்ட் விழுந்தா என் பேரை எடுத்துடுவாங்க. உதவித்தொகையும் போயிடும். நான் படிப்பை விட்டுட்டு ஊருக்குத்தான் போகணும்."

"அப்ப சீக்கிரமாக் கிளம்பி வா."

"வராத கொரினுக்கு மட்டும் டிக் போடறீங்களே?"

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவ ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

முழங்கால் பனியில் நடந்து வந்தவளுக்கு ஆப்சென்ட், இல்லாத ஒருத்திக்கு அட்டெண்டன்ஸா? இது பைத்தியமா, அராஜகமா? டாம்சின் தன் பெயர் போடாமல் டீன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மனசு ஆறியது.

அடுத்த வகுப்பன்று ஆஸ்கர் நடைபாதையிலேயே நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"டீன் ஆபீஸ்லேர்ந்து மிஸஸ் ப்ரூயிட்டுன்னு ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொரு பேருக்கும் ஆள் இருக்கான்னு பார்க்கணுமாம். யாரோ புகார் பண்ணியிருக்காங்க."

"யாரோ இல்ல. நான்தான்."

ஆஸ்கர் அவளையே பார்த்தான். திட்டவில்லை.

"கொரின் ஆஸ்பத்திரில இருக்கா டாம்சின். ரத்தப் புற்றுநோய். வகுப்புலேர்ந்து பேரை எடுத்துட்டா மாணவர் இன்சூரன்ஸ் போயிடும். அது போச்சுன்னா வைத்தியமும் நின்னுடும். நான்தான் இங்க பேசினதையெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போவேன். படுத்துக்கிட்டே கட்டுரை எழுதறா. கை நடுங்கும்."

டாம்சின் வகுப்புக் கதவைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும். நீ புதுசு, நாளைக்கு யாராவது கேட்டா நீ பொய் சொல்லி மாட்டிக்க வேணாம்னு மேடம்தான் உன்கிட்ட சொல்லாம தடுத்துட்டாங்க."

"அப்ப அந்தக் கண்டிப்பெல்லாம்?"

"இவ்வளவு கண்டிப்பான ஆளோட அட்டெண்டன்ஸை யாரு வந்து சோதிப்பான்னு நினைச்சாங்க. நீ வரவெச்சுட்ட."

மணி இரண்டு ஆகப்போகிறது. இருவரும் உள்ளே போனார்கள்.

மிஸஸ் ப்ரூயிட் கடைசி வரிசையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கே யாருடைய முகமும் தெரியாது. மேடம் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலோரத்து நாற்காலியில் ஆள் இருந்தது.

மேடம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"கொரின் ஹால்வர்சன்."

"இருக்கேன் மேடம்."

தன் வாயிலிருந்து வந்த குரல் தன்னுடையது மாதிரியே டாம்சினுக்குத் தோன்றவில்லை. மிஸஸ் ப்ரூயிட் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு பேர். பிறகு மேடம் நிறுத்தினார்.

"டாம்சின் ஓக்ஸ்."

பதில் இல்லை. ஆஸ்கருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாம்சின் ஓக்ஸ்?" இன்னொரு முறை கூப்பிட்டார். பேனா தாளில் இறங்க மறுத்தது.

"அவ வரல மேடம்" என்றது ஜன்னலோரத்துக் குரல். "ஆப்சென்ட் போட்டுடுங்க."