கள்ளச்சாவி மேல் ஒரு கேஸ்

"திருடிட்டு ஓடியிருந்தாலாவது பரவாயில்ல மேடம். என் நாற்காலியிலேயே ஃபேனைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா!"

ஆஸ்பத்திரி மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. பட்டப்பகல். அவர் சாப்பிடப் போன இருபது நிமிஷத்தில் அறைக்கதவு, இரும்பு பீரோ இரண்டையும் திறந்துவிட்டாள், பதினேழு வயதுப் பெண்.

மேனேஜர் அறைக்குள் வந்து அவளைப் பார்த்ததும் பெண் எஸ்.ஐ. தலையில் அடித்துக்கொண்டார். தெருவில் அவளுக்குப் பெயரே 'கள்ளச்சாவி'. அவள் கைக்குத் திறக்காத பூட்டு கிடையாது.

"போன தடவையே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இன்னொரு கேஸ் வந்தா சீர்திருத்தப் பள்ளிதான். பன்னிரண்டாவது பரீட்சை, காலேஜ், எல்லாம் போச்சு."

"ஞாபகம் இருக்கு மேடம்."

"வெட்கமா இல்ல?"

"இல்ல மேடம்."

திமிரைப் பாருங்கள்! ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பையில என்ன?"

"என் புத்தகம். இவர் பீரோவில ஒண்ணுமே இல்ல மேடம், காலி. பூட்டு நல்லா இருந்துச்சேன்னு சும்மா திறந்து பார்த்தேன்."

மேனேஜர் கொதித்துப் போனார்.

"காலியா? இருபத்தேழு நர்ஸுங்களோட ஒரிஜினல் சர்டிபிகேட் மேடம்! எல்லாம் என் பொறுப்புல இருந்தது. சாவி என் இடுப்பை விட்டு இறங்காது!"

"எனக்கு வாய்ப்பேச்சு வேணாம் சார். எழுதிக் கொடுங்க" என்றார் எஸ்.ஐ.

எழுதச் சொன்னால் மேனேஜருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பாட்டில் பினாயில் வாங்கினாலும் கையெழுத்தும் சீலும் இல்லாமல் விடமாட்டார். வரிசை எண் போட்டு இருபத்தேழு பெயரையும் மனப்பாடமாக எழுதினார். 'மேற்படி சான்றிதழ்கள் என் அறையில் என் பாதுகாப்பில் இருந்தவை' என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, சீலையும் குத்தினார்.

"சீல் மங்கலா விழுந்திருக்கு சார்" என்றாள் கள்ளச்சாவி.

கோபத்தில் இன்னொரு தடவை ஓங்கிக் குத்தினார்.

எஸ்.ஐ. புகாரைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"போன மாசம் உங்க நர்ஸுங்க ஸ்டேஷனுக்கு வந்தாங்களே சார். வேற ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சும் போக முடியல, ஒரிஜினலை நீங்க பூட்டி வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. 'எங்களிடம் யாருடைய சான்றிதழும் இல்லை'ன்னு எழுதிக் கொடுத்தீங்க. அதை நம்பி ஃபைலை மூடினதே நான்தான்."

மேனேஜர் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தபோது ஆளே மாறியிருந்தார்.

"சின்னப் பொண்ணு, பாவம். கோபத்துல என்னமோ எழுதிட்டேன். நானும் ரெண்டு பொண்ணைப் பெத்தவன். அந்தப் பேப்பரைக் கொடுங்க மேடம், கிழிச்சிடலாம்."

அதற்குள் விஷயம் தெரிந்து, வார்டிலிருந்து அவள் அக்கா ஓடி வந்தாள். நர்ஸ் உடுப்பு. பட்டியலில் ஒன்பதாவது பெயர் அவளுடையது.

"மேடம், இவளை விட்டுடுங்க. எனக்குச் சர்டிபிகேட்டே வேணாம்!"

"ஏன்மா வேணாம்?" மேனேஜர் குரலில் தேன் வழிந்தது. "உன்னோடதை மட்டும் இவகிட்ட இருந்து இப்பவே வாங்கிக்க. நாளைக்கே புது வேலைக்குப் போ. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ. இதை எல்லாரும் மறந்துடலாம்."

அக்காவுக்குக் காதையே நம்ப முடியவில்லை. ஐந்து வருஷமாக எத்தனை தடவை இந்த அறைக்கு வெளியே நின்றிருப்பாள்!

"எழுந்திருடி. சார் காலைத் தொட்டு மன்னிப்புக் கேளு. போயிடலாம்."

எஸ்.ஐ.யும் குரலைத் தாழ்த்தினார். "அவரே வேணாங்கிறார். புகாரை வாபஸ் வாங்கிட்டா உன் மேல கேஸ் இல்ல. பரீட்சை எழுதலாம். போம்மா."

கள்ளச்சாவி எழுந்தாள். அவளுக்கும் பயம்தான். அக்கா நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தாள். பிடிக்கவில்லை.

பையைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தாள். கட்டுக் கட்டாகச் சர்டிபிகேட்டுகள் விழுந்தன.

"எண்ணிப் பாருங்க மேடம், இருபத்தேழு இருக்கும்."

"ஏய், வாயை மூடுடி!" அக்கா அழுதாள்.

"அந்தப் பேப்பரைக் கிழிச்சா, மீதி இருபத்தாறு அக்காங்களுக்கும் மறுபடி 'எங்களிடம் இல்லை'ன்னுதான் எழுதிக் கொடுப்பார். இவர் பீரோவில இருந்து திருடினது நான்தான் மேடம். கேஸ் எழுதுங்க."