வாய்ப்புண் வந்த பூனை

செவலைப் பூனை தன் ஒரே குட்டியின் முதுகை நக்கிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் நாக்கு சுரீரென்று எரிந்தது. முந்தாநாள் மீன் முள் குத்திய இடம் புண்ணாகியிருந்தது. வாய்ப்புண் குட்டிக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? சட்டென்று வாயை எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பாதி முதுகுதான ஆச்சு?" என்றது குட்டி.

"போதும், போ."

பக்கத்துக் கூரையில் கருப்பி என்ற பூனை இருந்தாள், நாலு தடவை குட்டி போட்டவள். அவளைக் கேட்டிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து காட்டச் செவலைக்கு ஒரே கூச்சம். குட்டியைப் பால் குடிக்க மட்டும் விட்டாள். மற்ற நேரம் கிட்டே வந்தால் சீறி விரட்டினாள். "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று அது முனகும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பத்தாம் நாள் கருப்பியே வந்தாள். "ஏண்டி, உன் குட்டி ஏன் அழுக்கும் சடையுமாத் திரியுது?"

"வாயில புண்ணுக்கா. அதுக்கும் ஒட்டிக்குமோன்னு பயந்துட்டேன்."

"அடி பைத்தியமே! முள்ளு குத்தின புண்ணு எங்கேயாவது ஒட்டுமா? என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

செவலை ஓடினாள். குட்டி வெயிலில் உட்கார்ந்து, நாக்கு எட்டாத முதுகைத் திரும்பித் திரும்பித் தானே நக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணு, அம்மா தெரியாம உன்னைப் போயி…"

அவள் குரல் கேட்டதுமே குட்டி பதறி எழுந்தது. "சீறாதம்மா, நானே போயிடறேன்."