சர்வர் அறைக்குள் போனவள்

"ஏத்தா, நீ உள்ள போனா ஓடுது. வெளிய வந்தா செத்த நேரத்துல நின்னுபோகுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

முதலாளி குமரப்பனின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எனக்கு எப்புடித் தெரியும் மொதலாளி? நின்னுபோச்சு, போய்ப் பாருன்னு நீங்கதான என்னைய உள்ள அனுப்புறீக?" என்றாள் பெல்சி.

இது நடந்தது 98-ல். காரைக்குடியில் எங்கள் அச்சகம் கம்ப்யூட்டருக்கு மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன் அறையில் ஐந்து கம்ப்யூட்டர். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறையில் சர்வர். நாங்கள் அடிக்கிற கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அது நின்றால் ஐந்தும் நிற்கும்.

ஒரு மாதமாக அப்படித்தான் நின்றது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் ஃபைலைத் திறந்தால் திரையில் மணல் கடிகாரம் மட்டும் நிற்கும். தூசி போய்விடும் என்று பெல்சியைத் தவிர யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது, அது முதலாளி போட்ட சட்டம். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவாள், மவுசை அசைத்துப் பார்ப்பாள், ஐந்தும் ஓட ஆரம்பித்துவிடும்.

"திருப்பத்தூர்ல புதுசா பிரஸ் போட்டவன் உன்னயக் கூப்புட்டானாமே?" என்றார் முதலாளி.

"கூப்புட்டாக. வரலைன்னுட்டேன்."

"அதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"போகாத வேலைய எதுக்குச் சொல்லணும்?"

பக்கத்து மேஜையில் இருந்த ரவிக்குமார் சிரித்தான். "அவுக ஜெபம் பண்ணுனா ஓடுதுண்ணே. நமக்கு அந்த வரம் இல்ல."

பெல்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆயுத பூசையன்னைக்கு எல்லாரும் உள்ள போனீகள்ல, சந்தனம் குங்குமம் வைக்க? நான் அன்னைக்கு லீவு. அதுக்கு மறுநாள்ல இருந்துதான் இப்புடி நிக்கிது."

"அப்ப, சாமி கும்பிட்டதுல மிஷின் கெட்டுப்போச்சுங்கிற?"

கீபோர்டுச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் அப்புடிச் சொல்லலை மொதலாளி." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "வேலை போனாப் போகுது. பேரு போயிரக் கூடாது. கிறிஸ்மஸ் கழிஞ்சா எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"மதுரையில இருந்து இப்ப எஞ்சினியர் வாராரு. அவரு பார்த்துட்டுச் சொல்லட்டும். நீ கெளம்பு. சொல்லி அனுப்புறேன்."

பெல்சி டிபன் டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். எங்கள் யாரையும் பார்க்காமல் தன் ஊருக்குப் போகிற கல்லல் பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன பத்தாவது நிமிஷம் எஞ்சினியர் சத்தியமூர்த்தி வந்தார். சர்வர் முன்னால் உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்தார். இரண்டு மணி நேரம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"நல்லாத்தானே சார் ஓடுது?"

"அவ இல்லைல்ல. அதான் ஓடுது" என்றார் முதலாளி.

எஞ்சினியர் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஐந்தும் நின்றுபோயிருந்தன.

"எதையோ உள்ள வச்சுட்டுல்ல போயிருக்கா!" என்று முதலாளி எழுந்தார்.

"யாரும் உள்ள போகாதீங்க" என்று கையைக் காட்டிவிட்டு, எஞ்சினியர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சர்வர் திரையில் கலர் கலராகக் குழாய்கள் வளைந்து வளைந்து முளைத்துக்கொண்டிருந்தன.

"ஸ்கிரீன் சேவர் சார். கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா இந்தப் படம் வரும். இதை வரையவே சர்வருக்கு மூச்சு முட்டுது, அப்புறம் எங்க உங்க ஃபைலைக் கொடுக்கிறது? மவுசை அசைச்சா படம் போயிரும், வேலை ஓடும்." உள்ளே போய் அதை எடுத்துவிட்டு வந்தார். "இது தானா வந்திருக்காது. யாரோ போட்டுவிட்டிருக்காங்க."

முதலாளி திரும்பி எங்களைப் பார்த்தார், ஒவ்வொரு ஆளாக. யாரும் வாய் திறக்கவில்லை.

"தெனம் உள்ள போய் வந்தவ அவ ஒருத்திதான?" என்று அவரே சொன்னார். "ரவி, இனிமே வர வேண்டாம்னு அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிரு."

அன்றைக்கு அப்புறம் எங்கள் சர்வர் நிற்கவே இல்லை. அவள் போனாள், அது சரியாகிவிட்டது என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் பேச்சானது.

அந்தக் கல்யாணம் நடந்ததா என்று தெரியவில்லை. வீட்டோடு கல்லலை விட்டே போய்விட்டார்கள். பழைய விலாசத்துக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது.

இதைப் படிக்கிற யாருக்காவது பெல்சி இருக்கிற ஊர் தெரிந்தால் தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள். அந்தப் படத்தைப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.